கோளாறு எப்போது மறைகிறது?

மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையில், கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாகப் போய்வரும் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் இருபத்தாறு ஆண்டுகளாக டீசல் இன்ஜின் வேலை செய்துவருகிறேன். ஒருமுறை கெட்டு, ஒருமுறை சரிசெய்து, அதோடு மறந்துபோகிற வண்டிகள்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று வண்டிகளாவது, நான்கு பட்டறைகளின் பில்களைச் சீட்டுக்கட்டுபோல ரப்பர் பேண்டு போட்டு டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, அதே பழைய புகாருடன் வந்து நிற்கும். இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

அப்படிப்பட்ட வண்டியின் டிரைவரிடம் எல்லாப் பட்டறைகளிலும் கேட்கப்படும் முதல் கேள்வி, கோளாறு எப்போது வருகிறது என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். நான் அதோடு நிறுத்தாமல், எப்போது போகிறது என்றும் கேட்கிறேன். தேய்ந்துபோன நாசில், டீக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்றதும் புதிதாகிவிடுவதில்லை. வெடித்த கேஸ்கட் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. யாரும் கைவைக்காமலே ஒரு கோளாறு மறைகிறது என்றால், மறைந்த அந்தக் கணத்தில் வண்டியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அழுத்தமோ, வெப்பமோ, ஈரமோ, பாரமோ எது மாறியது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் ஒரு லாரியின் அளவிலிருந்து ஒரு கையகலத்துக்குச் சுருங்கிவிடும்.

இதை எனக்கு முழுமையாகப் புரியவைத்தது, பி.எஸ்.-4 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த ஒரு டிரெய்லர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகத் தச்சூரில் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள தொழிற்பேட்டைகளில் இறக்கிவிட்டு வருவது அதன் வழக்கம். டிரைவர் சொன்ன புகார் சுருக்கமானது: "தச்சூர் வரைக்கும் நல்லா இழுக்குதுண்ணே. கவரப்பேட்டை தாண்டுனா செத்துப்போயிடுது." கறுப்புப் புகை கிடையாது, சத்தம் கிடையாது, வெப்பமானி ஏறவில்லை, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வண்டி மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஓரம்கட்டி இன்ஜினை அணைத்து டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடவாததுபோல் இழுக்கும். பிறகு அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. காலி வண்டியாகத் திரும்பும்போது ஒருநாளும் இந்தத் தொல்லை வந்ததில்லை.

பில்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன். ஸ்கேனர் போட்ட ஒவ்வொரு பட்டறையிலும் 'ரயில் பிரஷர் குறைவு' என்ற ஒரே பிழைக் குறியீடு, எங்கள் பேச்சில் 'கோடு', வந்திருக்கிறது. ரயில் என்பது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிடும் உயர் அழுத்தக் குழாய். அந்தக் கோடைப் பார்த்து முதல் பட்டறை டீசல் பில்டர்களை மாற்றியது. இரண்டாவது பட்டறை ஃபீட் பம்பை மாற்றியது. மூன்றாவது பட்டறை பிரஷர் கன்ட்ரோல் வால்வை மாற்றிவிட்டு, ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி கேலிபரேஷனுக்கு அனுப்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு டிரிப் நன்றாக ஓடியிருக்கிறது, அல்லது ஓடியதுபோல் தோன்றியிருக்கிறது. மாற்றியவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். கோடு சொன்ன திசையில்தான் போனார்கள். ஆனால் ஸ்கேனர் சொல்வது விளைவை மட்டும்தான். ரயிலில் அழுத்தம் குறைந்தது என்று அதற்குத் தெரியும்; ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. காமன் ரயிலில் ஆயிரத்து அறுநூறு பார் அழுத்தம் உண்டாக வேண்டுமானால், முதலில் டேங்கிலிருந்து டீசல் தடையில்லாமல் வந்து சேர வேண்டும். அந்தப் பாதையில் சென்சாரே கிடையாது. சென்சார் இல்லாத இடத்தைப் பற்றி ஸ்கேனர் வாய் திறப்பதில்லை.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே டீசல் அழுத்தத்தால் தள்ளப்படுவதில்லை, வெற்றிடத்தால் இழுக்கப்படுகிறது. ஆகவே முதல்நிலை பில்டருக்குப் பின்னால், அந்த இழுப்பை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜைப் பொருத்தி, அதன் குழாயைக் கேபினுக்குள் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டினேன். லோடு ஏற்றிய வண்டியிலேயே டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பொன்னேரி வரை முள் கிட்டத்தட்ட அடியிலேயே கிடந்தது. தச்சூர் பாலம் ஏறும்போது கொஞ்சம் எழுந்து, பிறகு இறங்கியது. கவரப்பேட்டைக்கு முன்பே சீராக ஏறத் தொடங்கி, டிரைவர் "இதோ போவுதுண்ணே" என்று சொன்ன நேரத்தில் தொடக்கத்தில் இருந்ததைப்போல நான்கு மடங்கில் நின்றது. இன்ஜினை அணைத்தோம். முள் மெதுவாகப் பூஜ்ஜியத்துக்கு வந்தது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தபோது பழையபடி அடியில் கிடந்தது. டீக்கடையில் என்ன மாறியது என்ற கேள்விக்கு விடை கண்ணெதிரே கிடைத்துவிட்டது. இன்ஜின் நின்றதும் இழுப்பு நின்றது. இழுப்பு நின்றதும் அடைப்பு விட்டுக்கொடுத்தது.

மறுநாள் டேங்கை ஒதுக்கிவிட்டு, இருபது லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து தனிக் குழாய் போட்டு முதல்நிலை பில்டருக்குக் கொடுத்தோம். அதே லோடு, அதே சாலை. கேனை இருமுறை நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டியும் இழுவை குறையவில்லை. ஆகவே பழுது டேங்குக்கும் பில்டருக்கும் இடையில்தான். டேங்கில் ஏதாவது காகிதமோ, ஆயில் டப்பா மூடியின் தகடோ மிதக்கும் என்று எதிர்பார்த்து உறிஞ்சு குழாயைக் கழற்றினேன். சல்லடை சுத்தமாக இருந்தது, டேங்கின் அடியும் சுத்தமாக இருந்தது. மீதியிருந்தது சேசிஸ் ஓரமாகப் போகும் ஒன்றரை மீட்டர் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் புதுசு, வெடிப்பில்லை, மடிப்பில்லை. டிரைவரோ, அதை ஏற்கெனவே கழற்றி கம்ப்ரசர் காற்றால் ஊதிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

நானும் ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. பிறகு என்ன தோன்றியதோ, ஹோஸைத் திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து ஊதினேன். காற்று கொஞ்சம் போய், பிறகு ஒரு 'பட்' சத்தத்தோடு அடைத்துக்கொண்டது. பிளேடால் நீளவாக்கில் கிழித்து விரித்தபோது, உட்புற ரப்பர் அடுக்கு டீசலில் ஊறி உப்பி, ஓரிடத்தில் உரிந்து, விரலளவு நாக்குபோல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் நாக்கு சுவரோடு படிந்துகொள்ளும். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் ஓடும் திசையில் அதே நாக்கு எழுந்து வாயை மூடும். அதைத் தண்ணீர் ஹோஸ் என்று விற்றிருப்பார்கள். டீசல் தாங்கும் ரப்பரே கிடையாது. சூடாகி டேங்குக்குத் திரும்பும் டீசல், டேங்கில் உள்ளதையும் சூடாக்கி ரப்பரை இன்னும் இளக்கியதால்தான் ஒரு மணி நேரம் பிடித்திருக்கிறது என்பது என் கணிப்பு. காலி வண்டிக்கு டீசல் கொஞ்சமே போதும் என்பதால் அங்கே நாக்கு எழவேயில்லை.

பில் கட்டை மறுபடி புரட்டினேன். முதல் பில்டர் மாற்றத்துக்கு மூன்று வாரம் முன்பு, சேசிஸ் வெல்டிங் வேலைக்கான ஒரு சிறிய பில் இருந்தது. அதன் கடைசி வரியில் 'ஹோஸ் 1' என்று எழுதியிருந்தது. புகாருக்கு முன்பு நடந்த வேலை என்பதால் அதை யாரும் புகாரோடு சேர்த்துப் படிக்கவில்லை. அன்று முதல், கோளாறுக்காகச் செய்த செலவுகளைவிட, கோளாறு தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அந்த வண்டியில் யார் என்ன கைவைத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் படிக்கிறேன்.

இவ்வளவு எளிய சோதனையை முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் மாற்றியதற்குக் கூலி உண்டு, பார்த்ததற்குக் கூலி இல்லை. புதுப் பம்பைக் கையில் கொடுத்து, பழைய பம்பையும் திருப்பிக் கொடுத்தால் முதலாளி பில்லைக் கட்டுவார். ஒரு நாள் முழுக்க வேக்குவம் கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆயிரத்து ஐந்நூறு கொடுங்கள் என்றால், "சும்மா உட்கார்ந்து வந்ததுக்கா?" என்று கேட்பார். வண்டி ஒரு நாள் நின்றால் தவணை நிற்காது, டிரைவருக்கு டிரிப் படி இல்லை. அவசரம் எல்லாருக்கும் உண்டு. நான் இப்போது சோதனைக் கூலியைத் தனியாக, வேலை தொடங்குமுன்பே பேசிவிடுகிறேன். சிலர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களில் சிலர் ஒரு மாதம் கழித்து, பில் கட்டு இன்னும் கொஞ்சம் தடித்த நிலையில் திரும்புகிறார்கள்.

அடுத்தவர் தவற்றை மட்டும் எழுதுவது நியாயமாகாது. என் தவறு ஒன்று, இரண்டு லாரிகளை வைத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் ஓர் அம்மையாரின் வண்டியில் நடந்தது. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, துணைத் தொட்டியில் குமிழி கொதிக்கிறது என்று கொண்டுவந்தார்கள். தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் சூடேறுமுன்பே குமிழி குபுகுபுவென்று வந்தது. எரிந்த வாயு இன்ஜின் சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது, இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று, இந்தத் தொழிலில் எவரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் பெரியவர். "தம்பி, ஹெட்டை இறக்கினா இதோட நின்னுடுமா?" என்று கேட்டார். நின்றுவிடும் அக்கா என்றேன்.

ஹெட்டை இறக்கி, தண்டையார்பேட்டையில் அதன் அடிப்பரப்பை மட்டமாகச் சீவி ஃபேஸ் பிடித்து, புது கேஸ்கட் போட்டு, டார்க் வைத்து முறுக்கி அனுப்பினேன். நான்காம் நாள் குமிழி திரும்பிவிட்டது. மறுபடியும் இறக்கினேன், இந்த முறை என் செலவில். பிஸ்டன் ஓடும் உலோக உறைகளான லைனர்கள் பிளாக்கிலிருந்து எவ்வளவு தூக்கி நிற்கின்றன என்று டயல் கேஜ் வைத்து அளந்தேன். மேனுவலில் சொன்ன அளவுக்குள் இருந்தன. ஹெட்டில் வெடிப்பில்லை. பழைய கேஸ்கட்டில் எரிந்த வாயு பாய்ந்த கறுப்புத் தடமும் இல்லை. அதை முதல்முறை இறக்கியபோதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்பதைவிட, பார்க்க விரும்பவில்லை என்று சொல்வதே உண்மை. ஹெட்டை இறக்கிய பிறகு, காரணம் அங்கே இல்லை என்று தன்னிடமே ஒப்புக்கொள்வது எந்த மெக்கானிக்குக்கும் கடினம்.

மறுபடி பூட்டி இன்ஜினை ஓடவிட்டு, குமிழியைப் பார்த்துக்கொண்டு தொட்டியருகே நின்றேன். வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னேன். டிரைவர் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து நகர்த்தி நிறுத்தினார். சற்று நேரத்தில் வண்டிக்கு அடியில், பிரேக் காற்று நிரம்பியதும் மிச்சத்தை வெளியே விடும் டி.டி.யூ. வழக்கம்போல 'டுஸ்' என்று காற்றை விட்டது. அதே நொடியில் குமிழி நின்றுவிட்டது. தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. நான் டிரைவரிடம் பிரேக்கை விடாமல் மிதிக்கச் சொன்னேன். காற்று அழுத்தம் இறங்கி, கம்ப்ரசர் மறுபடி காற்று ஏற்றத் தொடங்கியதும் குமிழி வந்தது. எட்டு பாரைத் தாண்டி 'டுஸ்' என்றதும் நின்றது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அப்படியே.

ஏர் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் ஹெட், இன்ஜினின் அதே தண்ணீரால்தான் குளிர்விக்கப்படுகிறது. அந்தச் சின்ன ஹெட்டின் கேஸ்கட் விட்டுப்போனால், கம்ப்ரசர் ஏற்றும் காற்று தண்ணீருக்குள் புகுந்து, இன்ஜின் ஹெட் கேஸ்கட் போனதைப்போலவே குமிழி காட்டும், தண்ணீரைத் தொட்டிக்கு வெளியே தள்ளும். இரண்டையும் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை: டி.டி.யூ. காற்றை விட்டதும் குமிழி நின்றால் கம்ப்ரசர், நிற்காவிட்டால் இன்ஜின். நான்கு போல்ட்டுகளைக் கழற்றும் வேலைக்கு இரண்டுமுறை இன்ஜின் ஹெட்டை இறக்கியிருக்கிறேன். முதல் முறை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதிக்கு அடுத்த வண்டிக்கு ஆயில் மாற்றிக் கொடு என்றார்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் இந்தப் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்திருக்கிறது. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்துவரும் செய்தி இது. வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரை, கிளீனர்கள் போர்வெல் குழாயில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். கூலன்ட் கலவை வெறும் உப்புத் தண்ணீராக மாறியதும் குழாய்களில் செதில் படிகிறது. லைனரின் வெளிப்புறத்திலோ, இன்ஜின் அதிர்வில் உண்டாகும் நுண்குமிழிகள் வெடித்து வெடித்து ஊசியால் குத்தியதுபோல் குழி விழுந்து, ஒருநாள் அந்தக் குழி உள்ளே திறந்துகொள்ளும். கூலன்டில் உள்ள வேதிப்பொருள் லைனர் மேல் ஒரு காப்புப் படலமாக இருந்து தடுப்பது இதைத்தான். வெப்பமான ஊரில் கூலன்ட் எதற்கு, அது பனி உறையும் நாட்டுச் சரக்கு என்று இன்னமும் வாதிடும் முதலாளிகளுக்கு, நான் கழற்றி வைத்திருக்கும் ஒரு லைனரைக் கையில் கொடுத்துவிடுவேன். அதில் பதினோரு துளைகள் இருக்கின்றன.

மூன்றாவது கதை கடற்காற்றுடையது. எர்ணாவூர்ப் பக்கம் இரவில் நிறுத்தப்படும் ஒரு டேங்கர், விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆக்சிலரேட்டர் சென்சார், பூஸ்ட் சென்சார், டீசல் பிரஷர் சென்சார் என மூன்று கோடுகளை ஒன்றாகக் காட்டி, ஐடிலிங்கைத் தாண்டாமல் நிற்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணியானால் எல்லாம் சரியாகிவிடும். பட்டறைகள் திறக்கும் நேரமும் அதுதான் என்பதால், கோளாறோடு அந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் பார்த்ததில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று ஓரிடத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குக் கணக்குக் கொடுத்திருந்தார்கள்.

மூன்று சென்சார்கள் ஒரே நாளில் கெட்டுப்போவது, மூன்று பேருக்கு ஒரே நொடியில் தும்மல் வருவதைப்போலத்தான். அப்போது மூவருக்கும் பொதுவானது எது என்று பார்க்க வேண்டும். பல சென்சார்களுக்கு ஈ.சி.எம். ஒரே ஐந்து வோல்ட் லைனிலிருந்து மின்சாரம் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று எர்த்தோடு கசிந்தால், லைன் முழுவதும் சரிந்து மற்றவையும் பொய் சொல்லும். காலை ஐந்தரைக்கு மல்டிமீட்டரோடு வண்டி நிற்கும் இடத்துக்கே போனேன். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுக்கும் கீழே காட்டியது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பூஸ்ட் சென்சாரைப் பிடுங்கியதும் மீட்டர் ஐந்துக்குத் தாவியது. அந்தக் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே ரப்பர் சீலைக் காணோம். பின்களுக்கு இடையே பச்சைக் களிம்பும், அதன்மேல் இரவுப் பனியும் உப்புமாக ஒரு ஈரப்பசை. வாட்டர் சர்வீஸில் அதிவேகத் தண்ணீரை அடித்தபோது சீல் பறந்திருக்க வேண்டும். இங்கே வெயில்தான் மெக்கானிக் வேலையைத் தினமும் செய்து, மாலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. செலவு, கனெக்டரும் ஆள்கூலியும் சேர்த்து எண்ணூறு ரூபாய்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு, திரும்பத் திரும்ப வரும் புகார்களில் பெரும்பங்கு இன்ஜினைவிட்டு சைலன்சர் பக்கம் நகர்ந்துவிட்டது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப்., தான் நிரம்பியதும் கூடுதல் டீசலை எரித்துச் சுமார் அறுநூறு டிகிரி வரை சூடாகி, கரியை எரித்துத் தீர்த்துக்கொள்ளும். அதற்கு வண்டி ஓட வேண்டும். துறைமுக வாசலில் வரிசை நீண்டுவிட்டால், எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லர் ஒரு இரவு முழுக்க அடி அடியாக நகரும். ஐடிலிங்கில் புகைப்போக்கி சூடாவதில்லை, கரி மட்டும் சேர்கிறது.

ஒரே முதலாளியிடம், ஒரே மாதத்தில் வாங்கிய, ஒரே வரிசையில் நிற்கிற இரண்டு வண்டிகள். ஒன்றில் டி.பி.எஃப். விளக்கு பதினைந்து நாளுக்கு ஒருமுறை எரிந்து பவர் குறைகிறது, மற்றதில் எரிவதேயில்லை. விளக்கு எரிகிற வண்டியின் டி.பி.எஃப். பில்டரை இருமுறை கழற்றி ஓவனில் சுத்தம் செய்திருந்தார்கள். எப்போது போகிறது என்று கேட்டதற்கு டிரைவர், நெல்லூர் டிரிப் அடித்தால் தானே அணைந்துவிடும் என்றார். ஆகவே பில்டர் நன்றாகத்தான் இருக்கிறது, தன் வேலையைச் செய்ய அதற்கு வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர் வரிசையில் இன்ஜினை அணைத்துவிடுகிறார், நீங்கள் ஏன் அணைப்பதில்லை என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அணைச்சா செல்ப் எடுக்காதுண்ணே, பின்னாடி இருக்கவன் வந்து அடிப்பான்" என்றார். பேட்டரியை லோடு டெஸ்டரில் போட்டேன்; ஒன்று அறவே பலவீனம். இரண்டு பேட்டரிகளையும் மாற்றினோம். அவர் இன்ஜினை அணைக்கத் தொடங்கினார். அதன் பிறகு அந்த விளக்குக்காக அந்த வண்டி என்னிடம் வரவில்லை. சைலன்சருக்கும் பேட்டரிக்கும் உள்ள தொடர்பை எந்தக் கோடும் காட்டியிருக்காது.

டிரைவர்களுக்கு நான் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தனுப்புகிறேன். கோளாறு வந்தால் மணி, இடம், கியர், லோடு, டீசல் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, பிறகு எப்படிச் சரியானது என்று எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள். டிரைவர் சொல்வதை "அவனுக்கென்ன தெரியும்" என்று தள்ளும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. காரணத்தை அவர்கள் தவறாகச் சொல்லலாம், நடந்ததைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். "பம்ப் போச்சு" என்பதை விட்டுவிட்டு, "மேடு ஏறும்போது" என்பதை எடுத்துக்கொண்டால் போதும்.

இதை எழுதும் இந்த வாரம் என் கொட்டகையில் ஒரு பன்னிரண்டு சக்கர லாரி நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென இன்ஜின் நிற்கிறது. செல்ப் அடித்தால் உடனே எடுத்துக்கொள்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. பேட்டரி முனைகள், இக்னிஷன் சுவிட்ச், ரிலே, மெயின் எர்த் எல்லாம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. நோட்டில் முதல் மூன்று குறிப்புகளில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நேற்று முன்தினம் டிரைவர் எழுதிய நான்காவது குறிப்பு இது: 'இரவு 3.20. எம்.எஃப்.எல். சந்திப்பு. மூணாவது கியர், பள்ளத்துல விழுந்து ஏறும்போது நின்னுச்சு. மறுபடி எடுத்துச்சு. நிக்கிறதுக்கு முன்னாடி ரிவர்ஸ் ஹாரன் தானா கத்துச்சு.'

கடைசி வரியை எழுதும்படி நான் கேட்டிருக்கவில்லை. நாளைக் காலை, கியர்பாக்ஸ் மேல் உள்ள ரிவர்ஸ் சுவிட்சுக்குப் போகும் வயர்க் கட்டு எங்கே சேசிஸில் உரசுகிறது என்று அங்கிருந்து தொடங்கப்போகிறேன்.